புது டயர், பழைய கார்: பிடிப்பும் திருப்ப உணர்வும் ஏன் மாறுகின்றன?

தேய்ந்த டயர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போட்ட முதல் வாரத்தில் கார் உரிமையாளர்கள் சொல்லும் அனுபவங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். ஸ்டீயரிங் முன்புபோல் கூர்மையாக இல்லை, வேகமாகத் தடம் மாறும்போது வண்டி லேசாக மிதக்கிறது என்பார் ஒருவர். அதே அளவில் வேறு நிறுவனத்தின் டயரைப் போட்ட இன்னொருவர், வளைவுகளில் வண்டி இப்போதுதான் சொன்னபடி கேட்கிறது என்பார். இரண்டு டயர்களை மட்டும் மாற்றிய மூன்றாமவருக்கு, உலர்ந்த சாலையில் எந்தக் குறையும் தெரியாமல் இருந்து, முதல் மழையில் வண்டியின் பின்பக்கம் விலகிப் போகும். மூவர் சொல்வதும் உண்மையே.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், இரண்டு தனித்தனிப் பண்புகளை நாம் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். முதலாவது பிடிப்பு. ஒரு டயர் சாலையின்மீது அதிகபட்சம் எவ்வளவு விசையைச் செலுத்த முடியும் என்ற எல்லை அது. இரண்டாவது விறைப்பு. ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பியதும் பக்கவாட்டு விசை எவ்வளவு சீக்கிரமாக, எவ்வளவு அதிகமாக எழுகிறது என்பதை அது குறிக்கிறது. அன்றாட ஓட்டத்தில் நம் கைக்குத் தெரிவது விறைப்பு மட்டுமே. திடீரென ஒருவர் குறுக்கே வரும்போது நம்மைக் காப்பது பிடிப்பு. டயரை மாற்றும்போது இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் மாறக்கூடும் என்பதுதான் இந்தக் கட்டுரை விளக்க முயலும் செய்தி.

தரையைத் தொடும் பரப்பு

முதலில் அளவுகளைப் பார்ப்போம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் தன் எடையை நான்கு சக்கரங்களிலும் சமமாகப் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு டயரும் 300 கிலோவைத் தாங்குகிறது. உள்ளே 32 பிஎஸ்ஐ காற்றழுத்தம் இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. ஆகவே ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 130 சதுர சென்டிமீட்டர். பக்கச்சுவரின் விறைப்பும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் உண்மையான அளவு சற்று மாறுபடும். நான்கையும் சேர்த்தாலும் இந்தப் பரப்பு ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது.

எஞ்சினின் இழுவை, பிரேக்கின் தடை, திருப்பத்தில் வண்டியை உள்நோக்கித் தள்ளும் விசை ஆகிய அனைத்தும் இந்தச் சிறு பரப்பின் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த விசைகளுக்குப் பொதுவான ஒரே கையிருப்புதான் உண்டு. வளைவில் அதை முழுவதும் செலவிட்டுக்கொண்டிருக்கும் டயரிடம் அதே நேரத்தில் பிரேக்கும் கேட்டால், இரண்டில் ஒன்று குறைந்தே ஆகவேண்டும். மழையில் வளைவின் நடுவே பிரேக் மிதிக்கும் கார் நேராகப் போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

ரப்பர் சாலையை எப்படிப் பிடிக்கிறது

பள்ளிப் பாடத்தில் படித்த உராய்வு விதி ரப்பருக்கு முழுமையாகப் பொருந்தாது. ரப்பர் பாதி நீர்மத்தின் இயல்பும் பாதி திண்மத்தின் இயல்பும் கொண்ட பொருள். அதன் பிடிப்பு இரண்டு வழிகளில் உருவாகிறது.

1. ஒட்டுதல். ரப்பரின் மேற்பரப்பு மூலக்கூறுகள் சாலைக் கற்களின் மேற்பரப்போடு கணநேரம் பிணைந்து விடுபடுகின்றன. உலர்ந்த, தூசியற்ற சாலையில் இதன் பங்கு பெரிது. இடையில் மிக மெல்லிய நீர்ப்படலம் வந்தாலே இது பெருமளவு குறைந்துவிடும்.

2. உருமாற்றம். சாலையின் சிறு மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அழுந்திப் படிகிறது. கல்லைத் தாண்டிய பிறகு அது உடனே பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை, சற்றுத் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தால் கல்லின் ஒரு பக்கத்தில் அழுத்தம் கூடி, மறுபக்கத்தில் குறைந்து, நகர்வுக்கு எதிரான விசை பிறக்கிறது. ஈரச் சாலையில் டயர் நம்பியிருப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே உலர் சாலையில் சமமாக நிற்கும் இரண்டு டயர்கள் ஈரச் சாலையில் பெரிதும் வேறுபடுவதில் வியப்பில்லை. அந்த வேறுபாடு ரப்பர் கலவையிலேயே இருக்கிறது. நெடுங்காலம் கரித்தூளே டயர் ரப்பருக்கு வலுச் சேர்க்கும் முக்கியப் பொருளாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் சிலிக்கா கலந்த டிரெட்டை, அதாவது சாலையைத் தொடும் வெளி ரப்பர் அடுக்கை, கார் டயர்களில் கொண்டுவந்த பிறகு, உருளும்போது வீணாகும் ஆற்றலைக் குறைத்துக்கொண்டே ஈரப் பிடிப்பையும் காப்பாற்ற முடிந்தது. அதுவரை ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

வெப்பநிலையும் இதில் சேர்கிறது. கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். ஆனால் அதே டயரை வெயில் காலத்தில் ஓட்டினால் பிரேக் தூரம் நீண்டு, ஸ்டீயரிங்கும் மந்தமாகும். எல்லாப் பருவத்துக்கும் எனச் சொல்லி விற்கப்படும் டயர் இவ்விரண்டுக்கும் இடையிலான சமரசம். இரு முனைகளிலும் அந்தந்தப் பருவத்துக்கென்றே செய்த நல்ல டயரை அது எட்டுவதில்லை.

சறுக்குக் கோணம்: ஒரு ரப்பர் கட்டியின் பயணம்

கையாளுமையைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதியே திறவுகோல் என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே உருளும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது நகரும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் எப்போதும் இருக்கும். அதுவே சறுக்குக் கோணம். பெயரில் சறுக்கு இருந்தாலும் டயர் சறுக்கிக்கொண்டிருப்பதாகப் பொருளில்லை. டயர் முறுகியிருக்கிறது என்பதே பொருள்.

டிரெட்டில் உள்ள ஒரே ஒரு ரப்பர் கட்டியைப் பின்தொடர்வோம். கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் போகிறது. அந்தக் கட்டி விநாடிக்கு ஏறத்தாழ 8 முறை தரைக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள தொடுபரப்பை 7 மில்லி விநாடியில் கடந்துவிடுகிறது. முன் விளிம்பில் தரையைத் தொட்டதும் அதன் அடிப்பகுதி சாலையில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் சக்கரம் சற்றுக் குறுக்காகப் பார்ப்பதால் கட்டியின் மேற்பகுதி பக்கவாட்டில் விலகிக்கொண்டே போகிறது. ஆகவே தொடுபரப்பின் பின் விளிம்பை நோக்கிப் போகப்போகக் கட்டி மேலும் மேலும் சாய்கிறது. சாயச் சாய அது சாலையைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் வளர்கிறது. அந்தச் சாய்வு ரப்பரின் பிடிப்பு எல்லையை மீறும் இடத்தில் அடிப்பகுதி விடுபட்டு, எஞ்சிய சில மில்லிமீட்டர்களைச் சறுக்கியே கடந்து, பின் விளிம்பில் மேலெழும்பிப் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. டயர் மெல்லமெல்லத் தேய்வதும் இந்தக் கடைசிச் சறுக்கலில்தான்.

இப்படிச் சாய்ந்திருக்கும் எல்லாக் கட்டிகளின் விசையும் சேர்ந்ததே வண்டியைத் திருப்பும் விசை. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன.

1. கோணம் சிறிதாக இருக்கும்வரை, பெரும்பாலான கட்டிகள் ஒட்டியே இருக்கும். அப்போது எழும் விசை ரப்பர் கட்டிகளும், டிரெட்டுக்கு அடியில் டயரைச் சுற்றியுள்ள எஃகு இழைப் பட்டையான பெல்ட்டும், பக்கச்சுவரும் எவ்வளவு விறைப்பானவை என்பதைப் பொறுத்தது. ரப்பரின் ஒட்டும் திறன் இங்கே இரண்டாம் பட்சமே. சாதாரணமாக ஓட்டும்போது சறுக்குக் கோணம் ஓரிரு டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆகவே சாதாரண ஓட்டத்தில் நாம் உணர்வது விறைப்பை மட்டுமே.

2. கோணம் பெரிதாகப் பெரிதாக, பின் விளிம்பிலிருந்து சறுக்கும் பகுதி முன்னேறி வருகிறது. சாலைக் கார் டயர்களில் பொதுவாக 6 முதல் 10 டிகிரிக்குள் பக்கவாட்டு விசை உச்சத்தை அடைகிறது. அந்த உச்சம் எவ்வளவு உயரம் என்பதைத்தான் பிடிப்பு தீர்மானிக்கிறது. அதற்கு மேல் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப விசை கூடாது. சற்றுக் குறையவும் செய்யும்.

ஒரு டயர் விசையைச் சட்டென எழுப்பி உச்சத்தை அடைந்தவுடன் திடுமென விட்டுவிடலாம். இன்னொன்று மெதுவாக எழுப்பி, உச்சத்தில் நெடுநேரம் நின்று, எச்சரித்துவிட்டுக் குறையலாம். முதல் வகை டயர் கடைத்தெரு வரை ஓட்டிப் பார்க்கையில் நன்றாகத் தோன்றும். எல்லையில் ஓட்டுநருக்குத் துணை நிற்பது இரண்டாவது வகை. என் பார்வையில், பொதுச் சாலைக்கு இரண்டாவதே மேலானது.

புது டயர் ஏன் தளர்வாகத் தோன்றுகிறது

மேலே சொன்ன ரப்பர் கட்டியின் உயரத்தை இப்போது கவனிக்க வேண்டும். புதிய கார் டயரின் டிரெட் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். தேய்ந்து கழற்றப்படும் டயரில் அது 2 மில்லிமீட்டரையொட்டி இருக்கும். உயரமான கட்டி எளிதில் சாயும். குட்டையான கட்டி சாய மறுக்கும். அதனால் தேய்ந்த டயர் சிறு திருப்பத்துக்கும் உடனே விசை தரும். புது டயர் முதலில் தன் கட்டிகளைச் சாய்த்துக்கொண்டுதான் விசையைத் தரும். நேற்றுவரை தேய்ந்த டயரோடு பழகிய கை, இன்று புது டயரின் இந்த இயல்பான நெகிழ்வை ஒரு குறையாக உணர்கிறது.

இத்துடன் வேறு இரண்டு காரணங்களும் சேர்கின்றன. டயரை வார்க்கும் அச்சிலிருந்து அதை எளிதாகப் பிரிப்பதற்காகத் தொழிற்சாலையில் பூசப்படும் பொருளின் எச்சம் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை மேற்பரப்பில் இருந்து, அந்தக் காலத்தில் பிடிப்பையும் ஓரளவு குறைக்கும். மேலும், பழைய ரப்பர் ஆண்டுக்கணக்கில் வெயிலாலும் ஆக்சிஜனாலும் இறுகிப்போயிருக்கும். அந்த இறுக்கமும் கைக்குக் கூர்மையாகவே தெரிந்திருக்கும். ஆனால் இறுகிய ரப்பர் சாலையின் மேடுபள்ளங்களில் படியாது. ஆகவே அதன் ஈரப் பிடிப்பு போய்விட்டிருக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெட் ஆழமாகவே இருந்தாலும் வயதான டயரை மாற்றச் சொல்வதற்கு இந்த இறுக்கமும் ஒரு காரணம்.

ஆக, கூர்மை போய்விட்டதே என்று வருந்தும் உரிமையாளரின் காரில் பெரும்பாலும் பிடிப்பு கூடித்தான் இருக்கிறது.

பிடிப்பு எவ்வளவு மாறினால் என்ன ஆகும்

பிடிப்பு எண் என்பது டயர் தரக்கூடிய அதிகபட்ச விசையை அதன்மேல் உள்ள எடையால் வகுத்துப் பெறுவது. நல்ல டயருக்கு உலர் தார்ச்சாலையில் இது 0.9 அளவில் இருக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால், ஓட்டுநர் சுதாரிக்கும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல், வண்டி சுமார் 44 மீட்டரில் நிற்கும். பிடிப்பு எண் 0.7 ஆனால் 56 மீட்டர் தேவைப்படும்.

12 மீட்டர்தானே என்று தோன்றலாம். இரண்டு கார்களும் அடுத்தடுத்த தடத்தில் ஒரே இடத்தில் பிரேக் மிதித்தால், முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 47 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் கூடுவதால், நிற்பதற்கு முந்தைய கடைசி மீட்டர்களில்தான் வேகம் மளமளவெனக் குறைகிறது. பிடிப்பு போதாத கார் அந்தக் கடைசி மீட்டர்களை மோதலில் கழிக்கிறது.

வளைவிலும் இதே கணக்கு செல்லும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 0.9 பிடிப்பில் சுமார் 75 கிலோமீட்டர் வேகம் வரை கடக்கலாம்; 0.4 பிடிப்பில், அதாவது தேய்ந்த டயரோடு ஈரச் சாலையில், 50 கிலோமீட்டருக்கு மேல் முடியாது.

நீரும் டிரெட்டும்

உலர் சாலையில் டிரெட் பள்ளங்களுக்குப் பெரிய வேலை இல்லை. பந்தயக் கார்கள் உலர்ந்த நாளில் பள்ளமே இல்லாத டயரில் ஓடுவது அதனால்தான். பள்ளங்கள் இருப்பது நீருக்காக. 3 மில்லிமீட்டர் நீர் நிற்கும் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 195 மில்லிமீட்டர் அகல டயர், ஒவ்வொரு விநாடியும் சுமார் 13 லிட்டர் நீரைத் தன் வழியிலிருந்து விலக்க வேண்டும். பள்ளம் ஆழமற்றுப் போனால் அந்த நீருக்குப் போக வழியில்லை. அது டயருக்கு முன்னே ஆப்பாகக் குவிந்து, ஒரு கட்டத்தில் டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். இந்நிலையே நீர்மிதப்பு. அப்போது ஸ்டீயரிங் திடீரென எடையற்றதாகத் தோன்றும்.

1960களில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹோர்ன் விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்தார். பள்ளங்களால் வெளியேற்ற முடியாத அளவு நீர் நிற்கும்போது, மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பது அவர் தந்த சூத்திரத்தின் சாரம். அதன்படி 32 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுமார் 94 கிலோமீட்டர். அழுத்தம் 24 பிஎஸ்ஐ ஆகக் குறைந்தால் சுமார் 82. கார் டயரின் வடிவம் வேறு என்பதால் இந்த எண்களை அப்படியே எல்லையாகக் கொள்ளக்கூடாது. முழுமையாக மிதப்பதற்கு முன்பே பிடிப்பின் பெரும்பகுதி போய்விடும். ஆனால் காற்று குறைந்த டயர் மழையில் முன்கூட்டியே மிதக்கும் என்ற போக்கு கார்களுக்கும் பொருந்தும்.

பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டரைக் குறைந்தபட்ச ஆழமாக வைத்திருக்கிறது. பள்ளங்களுக்குள் தெரியும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டுவதற்காகவே உள்ளன. அது சட்டத்தின் எல்லை. ஈரப் பிடிப்பு அதற்கு வெகு முன்பே சரியத் தொடங்குகிறது. ஆகவே 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது விரயமாகாது.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால்: முன்னா, பின்னா?

முன்சக்கர இழுவை உள்ள கார்களில் முன் டயர்கள்தான் சீக்கிரம் தேயும். திருப்புவதும் இழுப்பதும் பிரேக்கின் பெரும்பங்கும் அவற்றின் பொறுப்பு. எனவே புதிய இரண்டையும் முன்னே போடுவதே நியாயம் என்று பலர் கருதுகிறார்கள். டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை இதற்கு நேர் எதிரானது: எந்தச் சக்கர இழுவையாக இருந்தாலும் ஆழமான டிரெட் உள்ளவை பின்னே போக வேண்டும்.

காரணம் கார் திரும்பும் விதத்தில் இருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் விசை தருவது முன் டயர்கள். அவை வண்டியின் மூக்கை உள்நோக்கிச் சுழற்றுகின்றன. அந்தச் சுழற்சியை ஓர் அளவோடு நிறுத்தி வண்டியை வளைவில் நிலைப்படுத்துவது பின் டயர்களின் வேலை. முன் டயர் பிடிப்பை இழந்தால் வண்டி நினைத்ததைவிட அகலமாகப் போகும். ஓட்டுநர் இயல்பாகவே ஆக்சிலரேட்டரை விடுவார், வேகம் குறையும், பிடிப்பு திரும்பும். பின் டயர் பிடிப்பை இழந்தால் சுழற்சியை நிறுத்த எதுவும் இல்லை. வண்டி தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். அப்போது பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை விடுவதும் பிரேக் மிதிப்பதும் எடையை முன்னே தள்ளிப் பின் டயரை இன்னும் இலேசாக்கி, நிலைமையை மோசமாக்கும். பயிற்சி பெற்ற ஓட்டுநர்களே தடுமாறும் நிலை இது.

உண்மையான பொறி இங்கேதான் இருக்கிறது. புதிய டயர்கள் முன்னேயும் தேய்ந்தவை பின்னேயும் உள்ள காரை உலர் சாலையில் ஓட்டிப் பாருங்கள். முன் டயர்களின் உயரமான கட்டிகள் நெகிழ்கின்றன. பின் டயர்களின் குட்டையான கட்டிகள் விறைப்பாக நிற்கின்றன. விளைவாக, மூக்கு நிதானமாகத் திரும்ப, பின்பக்கம் உறுதியாகப் பின்தொடரும். ஓட்டுநருக்கு வண்டி மிகப் பாதுகாப்பாகத் தோன்றும். மழை பெய்ததும் உறவு தலைகீழாகிறது: முன் டயர்கள் நீரை வெட்டிப் பிடிக்கின்றன, பின் டயர்கள் மிதக்கின்றன. மாறாக, புதியவற்றைப் பின்னே போட்ட காரில் முதல் சில நாள் பின்பக்கம் லேசாக ஆடுவதாகத் தோன்றலாம். மழையில் அதுவே நிலையாக நிற்கும். உலர் சாலையில் கை தரும் தீர்ப்பை நம்பி இந்த முடிவை எடுக்கக் கூடாது.

உள்கட்டமைப்பு வேறுபட்ட டயர்களைக் கலப்பதற்கும் இதே தர்க்கம் பொருந்தும். மிஷலின் 1946இல் காப்புரிமை பெற்ற, இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் ரேடியல் கட்டமைப்பு, இழைகளைக் குறுக்காக அடுக்கிய பழைய வகையைவிடச் சிறு கோணத்தில் அதிக விசை தரும். ரேடியலை முன்னேயும் பழைய வகையைப் பின்னேயும் போட்ட கார் எளிதில் சுழலும். ஒரே அச்சின் இரு பக்கத்திலும் ஒரே மாடல் டயர், ஒத்த தேய்மானம் என்பது தளர்த்தக்கூடாத விதி. நான்குசக்கர இழுவைக் கார்களில் உருளும் சுற்றளவு வேறுபட்டால், அச்சுகளுக்கிடையே விசையைப் பகிரும் பாகங்கள் ஓயாமல் உழைத்துச் சூடாகித் தேயும் என்ற கூடுதல் சிக்கலும் உண்டு.

அளவை மாற்றினால்

195/65 ஆர்15 91எச் என்ற குறியீட்டில், 195 அகலம் மில்லிமீட்டரில்; 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது; ஆர் ரேடியல்; 15 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 91 என்ற சுமைக் குறியீடு ஒரு டயருக்கு 615 கிலோவையும், எச் என்ற வேகக் குறியீடு மணிக்கு 210 கிலோமீட்டரையும் குறிக்கும். இவற்றிலிருந்து முழு விட்டத்தைக் கணக்கிடலாம்:

1. 195/65 ஆர்15: சுமார் 634 மி.மீ.
2. 205/55 ஆர்16: சுமார் 632 மி.மீ.
3. 225/45 ஆர்17: சுமார் 634 மி.மீ.
4. 205/65 ஆர்15: சுமார் 647 மி.மீ.

முதல் மூன்றும் வெளியே ஒரே அளவு. ரிம் பெரிதாகப் பெரிதாகப் பக்கச்சுவர் சுருங்குகிறது. நான்காவது 2 விழுக்காடு பெரிது. ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தைவிட வண்டி உண்மையில் 2 விழுக்காடு வேகமாக ஓடும். கியர் விகிதமும் அந்த அளவுக்கு நீளும், அதாவது எஞ்சினின் ஒரு சுற்றுக்கு வண்டி அவ்வளவு கூடுதல் தூரம் போகும்.

அகலமான டயர் போட்டால் தொடுபரப்பு பெருகும் என்பது பரவலான நம்பிக்கை. எடையும் காற்றழுத்தமும் மாறாதபோது பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது, அகலம் கூடி நீளம் குறைகிறது. அப்படியானால் பயன் எங்கிருந்து வருகிறது? குட்டையான, அகலமான தொடுபரப்பில் கட்டிகள் சீக்கிரமே விசையை எழுப்புவதால் விறைப்பு கூடுகிறது. மற்றொரு காரணம், ரப்பரின் பிடிப்பு எண் சுமை கூடக் கூடக் குறையும் என்ற இயல்பு. எடுத்துக்காட்டாக, தலா 300 கிலோ தாங்கும் இரு டயர்கள் 1.0 பிடிப்பு எண்ணில் மொத்தம் 600 கிலோ விசை தருவதாகக் கொள்வோம். வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்ந்து 450, 150 எனப் பிரிந்து, வெளி டயரின் எண் 0.9 ஆகவும் உள் டயரின் எண் 1.05 ஆகவும் மாறினால், மொத்தம் 562 கிலோதான். அகலமான டயர் அதே சுமையில் இந்த இழப்பைக் குறைக்கிறது.

இந்தப் பயனுக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. 225 அகல டயர், மேலே சொன்ன அதே மழையில் விநாடிக்கு 15 லிட்டர் நீரை விலக்க வேண்டும். குட்டைப் பக்கச்சுவர் ஸ்டீயரிங்கைக் கூர்மையாக்கும். சாலைக் குழியின் அடியையும் அப்படியே ரிம்முக்குக் கடத்தும். பெரிய ரிம் பெரும்பாலும் எடை கூடியது. ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடினால் கரடுமுரடான சாலையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும் நேரம் கூடும், துள்ளும் நேரத்தில் பிடிப்பே இல்லை. ரிம்மின் ஆஃப்செட், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி அமையும் அளவு, மாறினால் ஸ்டீயரிங்கின் கனமும் நேராகத் திரும்பி வரும் இயல்பும் மாறிவிடும்.

சில கார் நிறுவனங்கள் தம் கார்களுக்கெனத் தனியாகச் சரிசெய்த டயர்களில் அடையாளம் இடுவதுண்டு: பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. ஒரே பெயர், ஒரே அளவு இருந்தும் அடையாளம் உள்ள டயரும் இல்லாத டயரும் கலவையிலோ கட்டமைப்பிலோ வேறுபடலாம். அதேபோல், பிரேக் மிதிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், வண்டி வழுக்கிச் சுழலாமல் காக்கும் இஎஸ்சி ஆகியவை காருடன் வந்த டயரின் விட்டத்தையும் நடத்தையையும் எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. பிடிப்பை அவை உருவாக்குவதில்லை; இருப்பதைப் பங்கிட்டுத் தருகின்றன.

மாற்றிய பிறகு வண்டி வேறுமாதிரி ஓடினால்

டயரையே குற்றம் சொல்வதற்கு முன் கீழ்க்கண்ட வரிசையில் பார்ப்பது வீண்செலவைத் தவிர்க்கும்.

1. காற்றழுத்தம். ரிம்மில் டயரின் விளிம்பை உட்கார வைக்க அதிகக் காற்று அடித்துவிட்டு அப்படியே விடுவதுண்டு. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்க வேண்டும். மூன்று நான்கு பிஎஸ்ஐ வேறுபாடே ஸ்டீயரிங் உணர்வை மாற்றிவிடும்.

2. பொருத்திய திசை. சுழலும் திசைக்கு அம்புக்குறி உள்ள டயர்களும், வெளிப்பக்கம் எது எனக் குறித்த டயர்களும் மாற்றிப் போடப்பட்டால் நீரை வெளியேற்றும் திறனோ வளைவில் தாங்கும் திறனோ குறையும்.

3. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் அதிர்வு. வீல் பேலன்சிங் சரியில்லை என்பதே முதல் ஐயம். வீல் நட்டுகளை ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

4. ஒரு பக்கம் இழுத்தல். திசைக் குறி இல்லாத டயர்களாக இருந்தால் முன் டயர்கள் இரண்டையும் இடவலமாக மாற்றிப் போட்டு ஓட்ட வேண்டும். இழுப்பு எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் டயரில் குறை. பெல்ட் சற்று ஒருபக்கமாக அமைந்த டயர், உருளும் கூம்பின் நடத்தையைக் கொள்கிறது. இழுப்பு அதே பக்கம் நீடித்தால் வீல் அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும்.

5. எச்சரிக்கை விளக்கு. சக்கரம் சுழலும் வேகத்தை ஒப்பிட்டுக் காற்றிழப்பைக் கண்டறியும் கார்களில், டயர் மாற்றியதும் அந்த அமைப்பைப் புதிதாக அளவெடுக்கச் செய்ய வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்து, சில நூறு கிலோமீட்டர் கடந்த பிறகும் மந்தம் நீடித்தால், பழைய டயரின் சுமைக் குறியீட்டையும் வேகக் குறியீட்டையும் புதியதோடு ஒப்பிட வேண்டும். பரிந்துரைத்த குறியீட்டைவிடக் குறைந்ததைப் போட்டிருந்தால் அதை மாற்றியே ஆகவேண்டும். குறியீடுகள் சரியாகவே இருந்தால், அந்த மாடலின் பக்கச்சுவரும் ரப்பரும் சொகுசுக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் ஏற்ப மென்மையாக வடிவமைக்கப்பட்டிருக்கலாம். அதை வீல் அலைன்மென்ட்டோ கூடுதல் காற்றோ மாற்றாது. அளவுக்கு மேல் காற்று அடித்து அந்த மந்தத்தைப் போக்க முயன்றால் தொடுபரப்பு சுருங்கி, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, மழைப் பிடிப்பும் குறையும்.